டீச்சருக்கு மார்க்

ஐந்துக்கு மூன்று. ரோஹிணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அப்போதும் மூன்றுதான்.

அவள் ஆன்லைனில் பொருளாதாரம் எடுக்கிறவள். மாதக் கடைசியில் பிள்ளைகள் அவளுக்கு மார்க் போடுவார்கள். 'விடைத்தாளில் ஆசிரியர் எழுதும் குறிப்பு எப்படி?' என்று ஒரு கேள்வி. கீழே ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். வேறு விளக்கம் கிடையாது.

"ஏறலேன்னா அடுத்த டெர்ம் க்ளாஸ் கிடையாது," என்றார் துறைத்தலைவர் சென், திரையில் டீ உறிஞ்சியபடி.

கணவன் ஷ்யாம் வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்து கொல்கத்தாவில், டாக்குரியா வீட்டில் அடுப்பு எரிவது ரோஹிணியின் சம்பளத்தில்தான்.

ஒவ்வொரு தாளிலும் எங்கே தப்பு, எப்படித் திருத்துவது என்று பக்கம் பக்கமாக எழுதினாள். மார்க் இரண்டானது.

கேள்வித்தாளையே மாற்றினாள். காப்பியடிக்க வழியில்லாமல், 'உங்கள் மார்க்கெட்டில் இலிஷ் மீன் விலை ஏன் ஏறுகிறது, விசாரித்து எழுதுக' என்று கேட்டாள். பதில் ஒவ்வொன்றுக்கும் தன் குரலில் பேசிப் பதிந்து அனுப்பினாள். தொண்டை கட்டிக்கொண்டது.

"யாருக்காக இப்படி மாரடிக்கறே?" என்றான் ஷ்யாம், மிளகுக் கஷாயத்தை நீட்டி.

"நமக்காகத்தான்."

மார்க் ஒன்றானது.

அன்றைக்கு அவளுக்கு அழுகைகூட வரவில்லை. போதுமடா சாமி என்று ஆகிவிட்டது. அடுத்த கட்டு விடைத்தாள்களைப் படிக்கவே இல்லை. எல்லாவற்றிலும் 'நன்று' என்று ஒட்டிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மாதக் கடைசியில் சென் தாமே கூப்பிட்டார்.

"அஞ்சுக்கு அஞ்சு, ரோஹிணி. மனசு வெச்சா முடியறது பாருங்க. அடுத்த டெர்ம் உங்களுக்குத்தான். மத்த டீச்சர்களுக்கும் நீங்களே இதைச் சொல்லிக் குடுங்க."

எதைச் சொல்லிக்கொடுப்பது என்று தெரியாமலேயே தலையாட்டி வைத்தாள்.

மறுநாள் டாக்குரியா ஸ்டேஷனில் ஒரு பெண் ஓடிவந்து கையைப் பிடித்தாள். அவள் வகுப்பில் படிக்கும் கீதாஞ்சலி, டாலிகஞ்ச் தமிழ்ப் பெண்.

"மேம், உடம்பு சரியில்லையா? எல்லாரும் கேட்டுட்டே இருக்காங்க."

"நன்னாத்தானே இருக்கேன். ஏம்மா?"

"இல்ல மேம், போன மாசம் க்ளாஸே சேந்து உங்களுக்குத்தான் ஃபர்ஸ்ட் ரேங்க் போட்டோம். இந்த மாசம் மனசே இல்லாம அஞ்சாவது போட வேண்டியதாப் போச்சு."