மதிலுக்கு வெளியே மத்தியாஸ்

சிரிக்கவேண்டிய பாட்டுக்கு முதலில் கண்ணைத் துடைத்தவர் சபைச் செயலாளர் பொன்னையன்தான்.

அதைக் கமிட்டிக்குப் போட்டுக் காட்டக் கொண்டுவந்தவர் ராபின்சன். அவருடைய தாத்தா மத்தியாஸ் ஏழு வருடத்தில் ஐந்து படம் எடுத்தவர். ஐந்தும் பாட்டும் சிரிப்புமான படங்கள். ஒன்றில் மட்டும் நாற்பத்திரண்டு பாட்டு. சினிமா எடுத்த பாவத்துக்காகச் சபை அவர் பெயரை நீக்கியது. செத்த பிறகு கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, ரப்பர் மரங்களுக்கு நடுவே புதைத்தது. படச்சுருள் எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியது ஓர் இசைத்தட்டு. அதன் தாளில் 1938 என்ற வருடமும் மத்தியாஸ் பெயரும் இருந்தன. பாடியவர் பெயரைப் பூச்சி தின்றிருந்தது.

மதிலை நாலடி தள்ளிக் கட்டித் தாத்தாவை உள்ளே சேர்க்கவேண்டும் என்று ராபின்சன் பதினொரு வருடமாக மனுக் கொடுக்கிறார். "பாட்டைக் கேப்போம். ஆபாசம் இல்லேன்னா ஆலோசிப்போம்" என்று கமிட்டி இன்றுதான் இறங்கி வந்திருந்தது.

"இது நம்ம அடக்கப் பாட்டுல்லா?" பொன்னையன் எழுந்து நின்றார். கமிட்டியும் எழுந்தது.

அதே மெட்டுதான். எழுபது வருடமாக ஒவ்வொரு குழியருகிலும் பாடுவது. அதை ஆக்கியவர் பொன்னையனின் அப்பா, பாட்டுக்குழு மாஸ்டர் தாசையன். அவர் படம் மாலையோடு சுவரில் தொங்கியது. பொன்னையனுக்கு மூன்று வயதிலேயே அவர் போய்விட்டதால், அவருடைய பரிசுத்தத்தைப் பற்றி மகன் அளவில்லாமல் பேச வசதியாக இருந்தது.

மைக் செட் சஜன் வெளியே இருந்த ஒலிபெருக்கிக் குழாயையும் இணைத்திருந்தான். பாட்டு வெளியே கேட்டதும், செத்தது யாரென்று விசாரிக்காமலே கோயில் மணிக்காரர் பொன்னப்பன் சாவுமணி அடித்தார். சந்தியில் இரண்டு கடைகள் பாதி ஷட்டரை இறக்கின. கறுப்புக் குடைகள் வந்து சேர்ந்தன. ஒருவர் வெள்ளறடையிலிருந்து ஆட்டோவில் மலர்வளையத்தோடு வந்தார். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

"சஜா, வேகம் சரியில்லடே!" என்றார் ராபின்சன்.

"சாரே, நாப்பத்தஞ்சுல வச்சுப்போட்டேன். பழைய தட்டுக்கு எழுபத்தெட்டாக்கும்."

"சீக்கிரம் மாத்து!"

மாற்றி முதலிலிருந்து போட்டான். அழுகை துள்ளியது. இதுவரை புரியாத சொற்கள் தெளிந்தன. யாரோ ஒருவர் வரிக்கு வரி மூக்கால் சுழித்துப் பாடினார்:

'டோப்பா போச்சே மாமா, என் டோப்பா போச்சே மாமா!'

குடைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"போன மாசம் எனக்க அம்மைய இந்தப் பாட்டப் பாடியா குழில வச்சோம்?" என்றார் மலர்வளையக்காரர்.

"கள்ளன்!" பொன்னையன் மேசையைத் தட்டினார். "எனக்க அப்பனுக்க பாட்ட எடுத்து ஒரு மொட்டத்தலையனுக்குக் குடுத்திருக்கான், ஒனக்க தாத்தா!"

ராபின்சன் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். "அண்ணே, தட்டு முப்பத்தெட்டு. நம்ம புத்தகம் அம்பத்தொண்ணு. அப்போ ஆரு ஆருக்கிட்ட எடுத்தது?"

அது உண்மை. அதனால்தான் அதை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

"எனக்க அப்பன் சினிமாக் கொட்டகை இருக்க ரோட்டுல கூட நடக்காத மனுஷனாக்கும்! எழுதுங்க தீர்மானம். மத்தியாஸ் உள்ள வேண்டாம். மதில இன்னும் ரெண்டடி உயத்தணும்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. ராபின்சன் மெல்ல உட்கார்ந்தார். இத்தனை வருடமும் தாத்தாவுக்கு நாலடிதான் தூரம். இனி உயரமும் சேர்ந்துகொண்டது. வெளியே மழை தூற ஆரம்பித்தது. குடைக்காரர்கள் வந்ததற்கு ஒரு காரணம் கிடைத்த நிம்மதியோடு குடையை விரித்துக் கிளம்பினார்கள்.

மணிச் சத்தம் கேட்டு வந்த செல்லபாய் பாட்டி மட்டும் போகாமல், சஜனிடம் தட்டை மறுபடி போடச் சொன்னார். தொண்ணூற்று நாலு வயது. தாசையன் மாஸ்டரின் பாட்டுக்குழுவில் பாடியவர்களில் மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான். ஒலிபெருக்கியோடு காதை ஒட்டி வைத்து, பொக்கை வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று அந்தப் பாட்டுக்குச் சிரித்த ஒரே ஆள்.

தட்டை நிறுத்தப் பொன்னையன் கையை நீட்டினார். செல்லபாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தாத மக்கா, ஒனக்க அப்பன் பாடி முடிக்கட்டு."