இடுப்பு வளையாத விண்ணப்பதாரர்

என் மனைவிக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரி. நான் இல்லை. நானும் ரொம்ப நாள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாசலில் நிற்கும் வாதாம் மரம்தான் அது.

ஒவ்வொரு இலையும் சாப்பாட்டுத் தட்டு அகலம். தினமும் தட்டுத் தட்டாகக் கொட்டும். என் மனைவி துடைப்பமும் கையுமாக நின்று அதோடு மல்லுக்கட்டுவாள். "உனக்கு ஈவிரக்கம் இருக்கா? இப்பத்தானே பெருக்கிட்டு நிமிர்ந்தேன்? என் இடுப்பு என்ன இரும்பா?" பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே இடுப்பு வலித்தது.

ஒருநாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சபதம் எடுத்தேன். அவள் பிறந்தநாளுக்குள் அந்த மரம் இருக்கக் கூடாது! நகை வாங்கித் தரும் கணவன் ஊரெல்லாம் உண்டு. மனைவியின் எதிரியைச் சாய்த்துத் தரும் கணவன் எத்தனை பேர்?

சாய்ப்பதில் ஒரு சிக்கல். அது பாதுகாக்கப்பட்ட மரமாம். என்னை யாரும் அப்படிப் பாதுகாத்ததில்லை. அதில் ஒரு கிளையை ஒடிப்பதற்குக்கூட அனுமதி வேண்டும். ஆபீஸுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு நகராட்சிக்குப் போனேன்.

"மரத்தால யாருக்குக் கஷ்டம்?" என்றார் குமாஸ்தா.

"என் மனைவிக்கு."

"அப்ப அவங்கதான் வந்து கையெழுத்துப் போடணும்."

"அவளுக்குத் தெரியக் கூடாதுங்க. பிறந்தநாள் பரிசு."

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "மரமா?"

"மரம் இல்லாத வாசல்."

"கஷ்டப்படுறவர்தான் சார் விண்ணப்பிக்கணும். உங்களுக்கு ஏதாவது கஷ்டம் உண்டா?"

அன்பு கண்ணை மறைத்தது. எழுதினேன்: 'தினமும் விடியற்காலையில் இம்மரத்தின் சருகுகளை நானே குனிந்து பெருக்குவதால் என் இடுப்பு ஒடிந்துவிட்டது.' எழுதி முடித்தபோது எனக்கே என்மேல் பரிதாபமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலையில் காலிங்பெல் அடித்தது. கதவைத் திறந்தது என் மனைவி. வந்திருந்தது மரங்களைச் சோதிக்கும் அதிகாரியம்மா. மரத்தைச் சுற்றி நாடா போட்டு அளந்தார். தட்டிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து என் விண்ணப்பத்தை எடுத்துத் தெருவுக்கே கேட்கும்படி படித்தார்.

'இடுப்பு ஒடிந்துவிட்டது' என்ற இடம் வந்ததும் மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அடுப்பில்லாமலே பால் காய்ச்சலாம்.

"இவர்தான் தினமும் பெருக்குறாராம்மா?"

நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"ஆமாங்க," என்றாள் அவள். "என்னைத் துடைப்பத்தைத் தொடவே விடமாட்டாரு."

போன உயிர் திரும்பி வந்தது. காட்டிக்கொடுக்கவில்லை! என்ன பெண், என்ன மனசு!

"அப்ப கொஞ்சம் பெருக்கிக் காட்டுங்க சார். எவ்வளவு குனியுறீங்கன்னு பாக்கணும்."

"போய் எடுத்துட்டு வாங்க," என்றாள் மனைவி தேன் ஒழுக. "நீங்க வழக்கமா வைக்கிற இடத்துலதான் இருக்கு."

வழக்கமாக வைக்கிற இடம்! கதவுக்குப் பின்னால் பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். பதற்றத்தில் பிரிட்ஜைக்கூடத் திறந்து பார்த்தேன். கடைசியில் சமையலறை மூலையில் கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

அது ஒட்டடைக் குச்சி. என்னைவிட உயரம்.

"இதாலயா பெருக்குறீங்க?" என்றார் அதிகாரியம்மா.

"அவரு அப்படித்தாங்க," என்றாள் மனைவி. "சருகு கீழ விழுற வரைக்கும் பொறுக்க மாட்டாரு. மேலேயே தட்டிடுவாரு."

வேறு வழி? அண்ணாந்து நின்று மரத்தைப் பெருக்கினேன். பக்கத்து வீட்டு டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்தார்.

"போதும் சார்," என்று அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார். "உங்க இடுப்பு வளையவே இல்லை. மரமும் நல்லா இருக்கு, நீங்களும் நல்லா இருக்கீங்க. அனுமதி கிடையாது. ஆனா பெருக்குறதை விட்டுடாதீங்க. எழுதிக் கொடுத்தது பொய்னா அபராதம் உண்டு. திடீர்னு வந்து பார்ப்பேன்."

அவர் போனதும் வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்தேன். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"உன் பிறந்தநாளுக்கு... உன் இடுப்பு வலிக்குதேன்னு..." என்று இழுத்தேன்.

அவள் முகம் இளகிவிட்டது. "எனக்காகவா நகராட்சி வரைக்கும் போனீங்க?"

"பின்ன யாருக்காக?"

"அசடு." என் தோளில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டாள். "அதை வெட்டிட்டா நான் யார்கூடப் பேசுவேன்?"

"நான் இல்லையா? ஆபீஸ் விட்டா வீட்டுலதானே இருக்கேன்?"

"வீட்டுலயா இருக்கீங்க? பேப்பருக்குள்ள இல்ல இருக்கீங்க?"

அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமாக அவள் வாசலில் நின்று பேசியதெல்லாம் என்னோடு பேசியிருக்க வேண்டிய பேச்சு. மரமாவது ஒரு இலையைப் போட்டு 'உம்' கொட்டியது. நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து பெருக்குகிறேன். துடைப்பம் அந்த மரத்துக்குப் பின்னால்தான் சாத்தி வைத்திருந்தது. அவள் படியில் காபியோடு உட்கார்ந்து பேசுவாள், நான் பெருக்கிக்கொண்டே 'உம்' கொட்டுவேன். சும்மா சொல்லக் கூடாது, என் மனைவி நன்றாகப் பேசுகிறாள். பேப்பரில் இதில் பாதி சுவாரசியம்கூட இல்லை.

ஒரு வாரத்துக்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. விண்ணப்பத்தில் எழுதியது அத்தனையும் இப்போது சத்தியம். என்னைக் குப்புறப் படுக்கவைத்துத் தைலம் தேய்த்துவிட்டாள். சுகத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்:

"மரத்து மேல இவ்வளவு பிரியம்னா, என் காதுல விழுற மாதிரி அதை ஏன் தினமும் திட்டின? நீ வெட்டச் சொல்றேன்னுல்ல நினைச்சேன்?"

தைலம் தேய்த்த கை நிற்கவில்லை.

"மரத்தை வெட்டச் சொல்லி இல்லீங்க. துடைப்பத்தை வாங்கிக்கச் சொல்லி."