மூக்குப்பாறையில் இறங்கத் தகுதி பெற்ற கோழி

ஒரு காட்டில் ஒரு மலை இருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு சிங்கம் வரும். நம் கதைக்குச் சிங்கம் தேவைப்படவில்லை, மலையே போதும். அதன் உச்சிக்குச் சற்றுக் கீழே மூக்கு மாதிரி ஒரு பாறை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மூக்குப்பாறை என்று பெயர்.

அங்கே இறங்குவது பறவைகளுக்கே லேசான காரியமில்லை. பாறை குட்டையானது, மேல்நோக்கிச் சாய்ந்தது. முன்னால் அதலபாதாளம், பின்னால் செங்குத்துச் சுவர். இறங்க ஆரம்பித்தால் இறங்கித்தான் ஆக வேண்டும், நடுவில் மனம் மாறித் திரும்ப இடம் கிடையாது. மதியத்துக்கு மேல் காற்று தன் இஷ்டத்துக்குச் சுற்றும். மேகம் வந்தால் பாறையையே காணோம்.

கொம்பையன் என்ற இருவாச்சிப் பறவை அங்கே தினமும் இறங்கிக்கொண்டிருந்தான். சுவரில் வேர்விட்டிருந்த மரத்தின் பொந்தில் அவன் மனைவி பவளாயி அடைகாத்தாள். இருவாச்சிகளின் குடும்ப வழக்கம் விசித்திரமானது. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஒரு சந்து மட்டும் விடும். உள்ளே இறகுகள் உதிர்ந்துவிடுவதால் நினைத்தாலும் பறக்க முடியாது. புருஷன் கொண்டுவந்து ஊட்டினால் சாப்பாடு, இல்லாவிட்டால் தாயும் பிள்ளைகளும் பட்டினி.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் ஒரு காக்கை மண்ணைப் போட்டது. சுற்றுலா வந்தவரிடம் திருடிய செல்போனில் தன்னையே படம் எடுத்துக்கொண்டே மூக்குப்பாறையில் இறங்கியது. சுவரில் மோதி அலகு கோணிப்போனது. உடனே காட்டின் பறத்தல் துறை விழித்துக்கொண்டது. துறைத் தலைவர் நீலமேகம் ஒரு மயில். வாழ்நாளில் அவர் பறந்த அதிகபட்ச உயரம் ஒரு வேலி.

"மூக்குப்பாறையில் இறங்கும் எவருக்கும் தனித்தகுதி வேண்டும்" என்று அறிவித்தார் நீலமேகம். "முறைப்படி பயிற்சி பெற்ற கேப்டன் கூட இருக்க வேண்டும். கேப்டன் சொல்லும் ஒவ்வொரு கட்டளையையும் மற்றவர் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். தேர்வில் தோற்றவர் மழைக்காலம் முடியும்வரை சிறகையே விரிக்கக் கூடாது."

ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே நியாயமான விதிகள். அதனால்தான் யாராலும் சண்டை போட முடியவில்லை. கொம்பையன் மட்டும் போய் நின்றான்.

"அய்யா, நான் வருஷக்கணக்கா அங்கதான் இறங்குறேன்."

"அனுமதி வாங்கி இறங்கினீரா?"

"அப்ப அனுமதின்னு ஒண்ணு இல்லீங்களே!"

"அனுமதி இல்லாம இறங்குனதெல்லாம் அனுபவம் இல்ல, குற்றம். மன்னிச்சு விடறேன். போய்ப் பயிற்சியில சேரும்."

பயிற்சி ஒரு ஆலமரத்தடியில் நடந்தது. கிளையில் ஒரு பெரிய கூடையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பறவை உள்ளே உட்கார வேண்டும். இரண்டு குரங்குகள் கூடையை உலுக்கும், அது காற்று. ஒரு யானை தண்ணீரைப் பீய்ச்சும், அது மழை. ஒரு தவளை "சுவர்! சுவர்!" என்று கத்தும், அது சுவர்.

பறக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் இதில் கவிழ்ந்தார்கள். கொம்பையன் முதல் உலுக்கலிலேயே, "காத்து இப்படி வராதுங்க, கீழருந்து தூக்கும்" என்றான். குரங்குகளுக்குக் கோபம் வந்தது. "காத்து நாங்களா, நீயா?" என்று கேட்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டன. கடைசியில் முழு மதிப்பெண் வாங்கித் தேறியது ஒரே ஒருத்தி. அவள் செவத்தாயி என்ற கோழி. காற்று எப்படி வரும் என்று அவளுக்கு எந்த அபிப்பிராயமும் இல்லாததால் குரங்குகள் சொன்னபடியெல்லாம் சாய்ந்தாள். அதோடு அவள் பெயரில் ஒரு விபத்துகூட இல்லை. பறந்திருந்தால்தானே!

ஆக, மூக்குப்பாறைக்குத் தகுதி பெற்ற ஒரே கேப்டன் செவத்தாயி ஆனாள். பயிற்சியில் தேறாதவனானாலும் கொம்பையன் இன்னும் தனித்தகுதித் தேர்வு எழுதவில்லை என்பதால், அவளுக்கு உதவியாளாகப் பறக்கலாம் என்று நீலமேகம் பெரிய மனது பண்ணினார்.

மறுநாள் காலை கோழியை முதுகில் சுமந்துகொண்டு, அலகு நிறைய அத்திப்பழத்தோடு கொம்பையன் கிளம்பினான். செவத்தாயி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் தொழிலில் சுத்தம்.

"தம்பி, வேகத்தைக் குறை!"

கொம்பையன் தலையை மட்டும் ஆட்டினான்.

"வாய்விட்டுச் சொல்லு தம்பி, விதி!"

"வேகத்தைக் குறைக்கிறேன் மேடம்" என்றான் கொம்பையன். பழமெல்லாம் பள்ளத்தாக்கில் கொட்டியது.

ஒவ்வொரு நாளும் இதே கதைதான். பாறையில் பத்திரமாக இறங்குவார்கள், அலகில் ஒன்றும் இருக்காது. சந்து வழியே பவளாயியின் அலகு வெளியே வந்து காற்றைக் கொத்தும்.

"ஏங்க, பழம் எங்க?"

"பாதுகாப்பா வந்துட்டேன் பவளாயி."

"உங்களைத் திங்கவா முடியும்?" என்று அவள் அழுதாள். உள்ளே பொரித்திருந்த குஞ்சுகளும் கத்தின. கீழே ஒரு நரி மட்டும் தினமும் பழம் தின்று கொழுத்து, "பாதுகாப்பு விஷயத்துல சமரசமே கூடாது" என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசித் திரிந்தது.

பவளாயியின் குரல் தேய ஆரம்பித்ததும் கொம்பையன் தனித்தகுதித் தேர்வு கேட்டு மனுப் போட்டான். தேர்வை நடத்த மூக்குப்பாறையில் முறைப்படி இறங்கிய கேப்டன் வேண்டும். அப்படி இருந்தது செவத்தாயி மட்டும்தான். இவன் தேறிவிட்டால் தன்னை யார் சுமப்பார்கள், தன்னை யார் மேடம் என்பார்கள் என்று அவள் இரவெல்லாம் யோசித்திருந்தாள். தேர்வைப் பாறையிலேயே வைத்தாள்.

"இந்தப் பாறையில கேப்டனா எத்தனை தடவை இறங்கியிருக்கே?"

"கேப்டனா ஒரு தடவைகூட இல்ல மேடம். உங்களைச் சுமந்துக்கிட்டுத்தான்..."

"கேப்டனா இறங்காதவனுக்கு எப்படித் தகுதி வரும்? தோல்வி! சரி, குனி தம்பி, வீட்டுக்குப் போகலாம்."

கொம்பையன் பழக்கதோஷத்தில் குனிந்தான். பாதி குனிந்தவன் அப்படியே நின்றான். பிறகு மெதுவாக நிமிர்ந்தான்.

"மேடம், தோத்தவன் மழைக்காலம் முடியறவரைக்கும் சிறகை விரிக்கக் கூடாதே."

செவத்தாயி முன்னால் பார்த்தாள், அதலபாதாளம். பின்னால் பார்த்தாள், சுவர். முதல்முறையாக அவள் மூக்குப்பாறையைக் கண் திறந்து பார்த்தாள்.

கோழிக்குப் பயம் வந்தாலும் வயிறு தன் வேலையைச் செய்யும். பாறை இடுக்கு மண்ணைக் கிளறிப் புழு தின்றாள். கொஞ்ச நேரத்தில் ஒரு முட்டையிட்டு, ஊருக்கே கேட்கும்படி கொக்கரித்தாள்.

"ஏங்க, அது என்ன சத்தம்?" என்றாள் பவளாயி.

கொம்பையன் முட்டையைப் பார்த்தான். கேப்டனைப் பார்த்தான். "சாப்பாடு வருது பவளாயி" என்று சொல்லி, முட்டையை உருட்டிக்கொண்டுபோய் உடைத்துச் சந்து வழியே ஊட்டினான். குஞ்சுகளின் கத்தல் அடங்கியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தப் பொந்தில் ஏப்பச் சத்தம் கேட்டது.

மறுநாள் இரண்டாவது முட்டை போனதும் செவத்தாயி மனம் மாறினாள். "தம்பி, உன் விடைகளை மறுபடி யோசிச்சுப் பார்த்தேன். பிரமாதம்! நீ பாஸ்!"

கொம்பையன் அலகைத் துடைத்துக்கொண்டான். "அப்படியெல்லாம் சலுகை வேண்டாம் மேடம். நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாது."

"உன் பொண்டாட்டி பிள்ளைகளுக்காகச் சொல்றேன் தம்பி!"

பொந்துக்குள்ளிருந்து தெம்பான குரல் வந்தது: "விதின்னா விதிதாங்க மேடம். நீங்க உட்காருங்க."

மழைக்காலம் முடியும்வரை மூக்குப்பாறையில் யாரும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. விபத்தே நடக்கவில்லை என்பதற்காக நீலமேகத்துக்குக் காடு விருது கொடுத்தது. விழாவில் ஒருவர் மட்டும், விதிகளை உடனே தளர்த்த வேண்டும் என்று கண்ணீர்விட்டுப் பேசினார். மெலிந்துபோயிருந்த அந்த நரிதான் அவர்.

நீதி: கேப்டன் ஆவதற்குப் பறக்கத் தெரிய வேண்டிய அவசியமில்லை, முட்டையிடத் தெரிந்தால் போதும்.