இரண்டு உறை, இரண்டு மூக்குக்கண்ணாடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நீயும் உன் கண்ணாடிக் கடையும் நலமாக இருக்க வேண்டும், குறிப்பாகக் கடை. வரிகள் ஏறி இறங்கினால் பொறுத்துக்கொள், மூக்கில் எதுவும் இல்லாமல் எழுதுகிறேன். போனில் பேசலாம், ஆனால் உன் அக்காவுக்குப் பாம்புச் செவி.

எங்கள் தடயவியல் ஆய்வகத்தில் சான்றுப்பொருள் அறைக்கு நான்தான் காப்பாளர். போன வாரம் அதை ஒழுங்குபடுத்தினோம். புது இரும்பு அலமாரி, இரண்டு பூட்டு, ஒரு சாவி என்னிடம், மற்றது ரசாயனப் பிரிவு அம்மாவிடம். எந்த உறையை ஒட்டினாலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். கிழிந்த உறைகளை மாற்றும்போது ஒரு வழக்கின் பொருள் வந்தது: திருடன் ஜன்னலில் விட்டுப்போன மூக்குக்கண்ணாடி, கறுப்பு ஃபிரேம். வியர்வை துடைக்க நானும் என்னுடையதைக் கழற்றி மேசையில் வைத்தேன். அந்தம்மா ஒன்றை எடுத்து உறையிலிட்டு அரக்கு வைத்து, "கையெழுத்து போடுங்க சார்" என்றார். எழுத்து தெரியவில்லை, ஆனாலும் போட்டேன், இருபது வருஷப் பழக்கம். அப்புறம்தான் அவர் மேசையைப் பார்த்தார், அங்கே இன்னொரு கறுப்பு ஃபிரேம். "சார், இது உங்களுதா, அவனுதா?" "போட்டுப் பாத்தாத்தாம்மா தெரியும்." "அவனுதா இருந்தா? சான்றுப்பொருள மூக்குல மாட்டுவீங்களா?" என்று அதையும் உறையிலிட்டு அரக்கு வைத்துவிட்டார். அடையாளம் ஏதாவது இருக்குமே என்று பழைய பதிவேட்டைப் படிக்கச் சொன்னால், "கண்ணாடி ஒன்று" என்று மட்டும் எந்த மகானோ எழுதியிருக்கிறான். கீழே கையெழுத்து என்னுடையது.

திங்கட்கிழமை கோர்ட். "எது எதுன்னு நிரூபிக்கலேன்னா அவன் கைய வீசிட்டுப் போயிருவான். பின்னாடியே நீங்களும் போகலாம்" என்கிறார் இயக்குநர். அவர் முன்னால் இரண்டு உறையையும் திறந்து லென்ஸை அளக்கப் போகிறார்கள். என் பவருக்கு ஒத்தது எனது, மிச்சம் திருடனுடையது. ஆகவே கடை நோட்டைப் பார்த்து என் பவரை எழுதி, முத்திரை போட்டு உடனே அனுப்பு. உள்ளதைச் சொன்னால், வேலை போவதைவிட அவன் பவர் என்னவென்றுதான் எனக்கு அரிப்பு. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எப்படி ஜன்னல் ஏறினான்?

அக்காவிடம் மூச்சு விடாதே. "கண்ணாடி எங்க?" என்று கேட்டவளிடம் ஆபீசில் பத்திரமாக இருக்கிறது என்றேன், அதில் பொய்யில்லை.

குழந்தைகளுக்கு ஆசிகள், பார்வையுள்ள மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

உன் அத்தான்

பி.கு.: தம்பி, இது அக்கா. முகவரி எழுதச் சொல்லி உறையை நீட்டினார், ஒட்டாமலே. அன்று அவசரத்தில் அவர் மாட்டிக்கொண்டு போனது என் கண்ணாடி. நீ ஜோடியாகக் கொடுத்ததில் இரண்டும் ஒரே ஃபிரேம். பவரில் கொஞ்சம்தான் வித்தியாசம். அவருக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும். அவர் கேட்டதை அனுப்பினால் இரண்டுமே திருடனுடையது ஆகிவிடும். என் பவரை அனுப்பு. தானாகச் சொல்கிறாரா பார்ப்போம் என்று ஒரு வாரமாக அவருடையதை மாட்டிக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை கொடுத்துவிடுவேன், அதுவரை தடவட்டும்.