அண்ணன் அனுப்பிய மீன்

பெயின்ட் வாளிக்குள் கையை விட்டதுமே மீன் லேத்துக்காரரின் விரலைக் கடித்தது.

"ஐயோ!" என்று கையை உதறியவர் அடுத்த கணமே கண் கலங்கினார். "அப்படியே எங்க அண்ணன்."

அவர் மனைவி வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். சிவப்பும் கறுப்புமாக, நெற்றியில் எலுமிச்சம்பழம் போல ஒரு புடைப்போடு, அது அவளையும் முறைத்தது.

"இத எதுக்குங்க நமக்கு அனுப்பியிருக்காங்க?"

"அண்ணனோட கடைசி ஆசைடி."

அண்ணன் இறந்து அதிக நாள் ஆகவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே பட்டறையில் பக்கத்துப் பக்கத்து லேத்தில் இரும்பு கடைந்தவர்கள்தான். ஒரு மழை நாளில் யாரோ ஷட்டரை மூடாமல் போக, தண்ணீர் புகுந்து மோட்டார் எரிந்தது. "நீதான்" என்றார் அண்ணன். "நீதான்" என்றார் தம்பி. அவர்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு அதுதான். பட்டறையின் நடுவில் தகரம் அடித்தார்கள். இந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் அந்தப் பக்கம் ரேடியோ சத்தம் கூடும். வருஷக்கணக்கில் அப்படியே ஓடிவிட்டது. சாவு வீட்டிலும் லேத்துக்காரர் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் திரும்பிவிட்டார்.

அன்று காலை அண்ணி போன் செய்திருந்தார்.

"தம்பி, அவர் வளத்த மீன வேன்ல ஏத்தி அனுப்பியிருக்கேன். உங்ககிட்டதான் குடுக்கணும்னாரு. உங்க மீனுங்களோட சேத்து விடணுமாம்." அதற்கு மேல் பேச முடியாமல் வைத்துவிட்டார்.

சேத்து. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு லேத்துக்காரர் காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தார்.

"நாம மீன் வளக்கறது அவருக்கு எப்படித் தெரியும்? விசாரிச்சிருக்காரு பாரு. வாய்தான் பேசல, மனசு பேசியிருக்கு."

"மனசு நல்லாக் கடிக்குது" என்றாள் மனைவி, அவர் விரலில் துணியைச் சுற்றியபடி.

குழந்தை இல்லாத வீடு அது. கூடத்தின் ஒரு சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் இரண்டு ஆஸ்கர் மீன்கள். காசு அளவில் வாங்கி, உள்ளங்கையைத் தாண்டி வளர்த்தவை. பெரியதன் பெயர் டாக்டர், சின்னதன் பெயர் வக்கீல். பட்டறையிலிருந்து வந்ததும், "டாக்டர் சாப்பிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டேதான் லேத்துக்காரர் செருப்பைக் கழற்றுவார். "அவர் சாப்பிட்டாச்சு, வக்கீலுக்குத்தான் இன்னிக்குக் கோவம்" என்பாள் மனைவி.

அந்தத் தொட்டியில் அண்ணனின் மீனை இறக்கினார்கள். டாக்டர் மரியாதையாக வந்து விசாரித்தார். அடுத்த நொடி அவருடைய வாலில் பாதி தண்ணீரில் தனியாக மிதந்தது.

லேத்துக்காரர் வண்ண மீன் கடைக்காரருக்கு போன் போட்டார்.

"நெத்தியில புடைப்பு இருக்கா? அது ஃபிளவர்ஹார்ன் சார். ஆஸ்கரும் அதுவும் சிக்லிட்ங்கற ஒரே குடும்பம்தான். ஆஸ்கர் சண்டைக்காரன்னா இது சண்டைக்காரனுக்கே மாமனார். பொண்டாட்டியோடகூட சேந்து இருக்காது. தனித் தொட்டி வச்சிருங்க."

"சேத்து விடணும்னு எங்க அண்ணன் சொல்லியிருக்காரே."

"அவரும் மீன் கடையா?"

"லேத் பட்டறை."

"அப்ப பாவம், அவருக்குத் தெரிஞ்சிருக்காது. ஒண்ணு செய்யுங்க. உள்ள இருக்கற கல்லு, குகை எல்லாத்தையும் இடம் மாத்திப் போடுங்க. எது யாரோட இடம்னு எல்லாத்துக்கும் மறந்துரும். புதுசா குடி வந்த மாதிரி சமாதானமா இருக்கும்."

லேத்துக்காரர் கல்லையெல்லாம் மாற்றி வைத்தார். டாக்டருக்கும் வக்கீலுக்கும் தங்கள் இடம் சுத்தமாக மறந்துபோனது. அண்ணனின் மீன் மட்டும் தொட்டி முழுவதுமே தன்னுடையது என்று முடிவு செய்தது. மறுநாள் டாக்டருக்கு ஒரு கண் இல்லை. வக்கீல் தண்ணீர் சுத்தம் செய்யும் குழாய்க்குப் பின்னால் தலைகீழாக ஒளிந்திருந்தார்.

"யாருக்காவது குடுத்துருங்களேன்" என்று மனைவி கெஞ்சினாள்.

"எங்க அண்ணன யாருக்காவது குடுக்கச் சொல்றியா?"

"அண்ணன் இல்லைங்க, மீன்."

"உயிரோட இருந்தப்ப நான் அவர்கூட ஒத்துப்போகல. இப்பவாவது போறேன், விடு."

அவள் டாக்டருக்கு மருந்து கலக்கப் போனாள்.

அடுத்து அவர் தன் தொழிலை நம்பினார். பட்டறையில் கனமான கண்ணாடிப் பலகை ஒன்றை அளந்து அறுத்து, ஓரம் தேய்த்து, தண்ணீர் போய்வர ஓட்டை போட்டு, தொட்டியின் குறுக்கே செருகினார். மயிரிழை பிசகவில்லை. ஒரு பக்கம் டாக்டரும் வக்கீலும், மறுபக்கம் அண்ணன்.

"இப்ப சேந்தும் இருக்காங்க, அடிச்சுக்கவும் முடியாது" என்று பெருமையாகச் சொன்னார்.

"நடுவுல தகரம் அடிச்ச மாதிரியா?" என்றாள் மனைவி.

லேத்துக்காரருக்குச் சுருக்கென்றது.

அண்ணனின் மீன் அன்றிலிருந்து பலகையை நெற்றியால் முட்டத் தொடங்கியது. டொக். டொக். கீழ்வீட்டுக்காரர் வந்து, "யாருங்க எந்நேரமும் ஆணி அடிக்கறது?" என்று சண்டை போட்டுவிட்டுப் போனார். லேத்துக்காரருக்கு மட்டும் அந்தச் சத்தம் வேறாகக் கேட்டது.

"கதவத் தட்றாரு பாரு. தம்பி, திறடாங்கறாரு."

பலகையைத் திறந்தவர் அவரில்லை. முட்டி முட்டி அதை அசைத்து, ஒரு மத்தியானம் இருவரும் சோற்றில் கை வைத்திருக்கும்போது அண்ணனின் மீனே சாய்த்துவிட்டது. கனமான பலகை ஒற்றைக்கண் டாக்டரின் மேல் விழுந்து அமுக்கியது. லேத்துக்காரர் எச்சில் கையோடு தொட்டிக்குள் பாய்ந்தார். அதற்குள் மிச்ச வேலையை அண்ணன் முடித்திருந்தது.

டாக்டரை ஒரு பழைய துண்டில் சுற்றி எடுத்துப் போனார்கள். வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டும்போது லேத்துக்காரர், "பலகைய இன்னும் கொஞ்சம் ஆழமா செருகியிருக்கணும்" என்றார். அவர் மனைவி மண்ணைத் தள்ளிவிட்டு, கை கழுவாமலே உள்ளே போனாள்.

இனி வக்கீலையாவது காப்பாற்ற வேண்டும். கூடத்தில் இன்னொரு தொட்டி வைத்தால் கட்டில் வெளியே போக வேண்டும். அதனால் குளியலறையில் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்முக்கு அவரைக் குடிமாற்றினார்.

"நான் எங்க குளிக்கறது?"

"கொஞ்ச நாள் பக்கத்து வீட்ல குளிச்சுக்கயேன்."

"அவங்க கேட்டா என்ன சொல்றது? எங்க வீட்டு டிரம்முல வக்கீல் இருக்காருன்னா?"

இருந்தும் துண்டும் சோப்பு டப்பாவுமாகப் பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தாள், வக்கீலுக்காக. வக்கீலுக்குத்தான் டிரம் பிடிக்கவில்லை. இருட்டு, தனிமை, கண்ணாடி இல்லை, டாக்டர் இல்லை. லேத்துக்காரர் தீனி போட்டுவிட்டு மூடியைச் சரியாக மூட மறந்த நாளில், குளியலறைத் தரையில், கதவோரமாக, காய்ந்துபோய்க் கிடந்தார்.

மனைவிதான் பார்த்தாள். அழவில்லை. புடவைகளை ஒரு பையில் அடுக்கினாள்.

"எங்க போற?"

"அக்கா வீட்டுக்கு. நீங்க உங்க அண்ணனோட சேந்து இருங்க."

"எப்ப வருவ?"

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். லேத்துக்காரர் வாசல்வரை போனார். அதற்கு மேல் போக அவருக்குத் தைரியம் வரவில்லை.

அதன் பிறகு வீட்டில் இரண்டே உயிர். அவர் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். பட்டறையில் நடந்ததைச் சொன்னார். இத்தனை வருஷம் தகரத்துக்கு அந்தப் பக்கம் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொன்னார். மீன் முறைத்துக்கொண்டே கேட்டது. தீனி போடும்போது கடித்தது. விரலில் ரத்தம் வரும்போதெல்லாம் அவருக்கு என்னவோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஒரு சாயங்காலம் அண்ணன் மகள் வந்தாள். சாகும்போது அப்பாவின் பக்கத்தில் இருந்தவள் அவள்தான். உள்ளே வந்ததும் சித்தப்பாவின் கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். அண்ணனின் மீன் மட்டும் மொழுமொழுவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"உங்க மீனுங்க எங்க சித்தப்பா?"

"போயிடுச்சும்மா."

"சித்தி?"

"அவங்களும்தான். அக்கா வீட்டுக்கு."

அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு வருத்தமில்ல" என்றார் லேத்துக்காரர். "அண்ணன் போற நேரத்துல என்னய நெனச்சாரே, அது போதும். உங்கம்மா போன்ல பாதியிலேயே வச்சிட்டாங்க. நீ பக்கத்துல இருந்தவ. அவர் வாயால எப்படிச் சொன்னாரோ, அத அப்படியே ஒரு தடவ சொல்லும்மா. கேக்கணும் போல இருக்கு."

"வேணாமே சித்தப்பா."

"ஒரு வார்த்தகூட விடாம சொல்லு."

அவள் தலை குனிந்துகொண்டாள்.

"'அவன் மீனுங்களோட சேத்து விடச் சொல்லு, ஒரே மாசத்துல ஒண்ணு விடாம முடிச்சிரும்'னு சொல்லிட்டு அப்பா சிரிச்சாரு சித்தப்பா... அந்தச் சிரிப்போடதான் போனாரு."