உள்ளே ஆள் வேலை செய்கிறார்

டொக்.

எத்தனையோ வருஷத்துக்கு முந்திய சத்தம். பாதுகாப்பு அலுவலரின் காதை விட்டு அது இன்னும் போகவில்லை. அவர் பிஸ்கட் ஆலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சுவிட்சின் கைப்பிடியைத் தூக்கிவிட்டார்கள். இந்தப் பக்கம் மாவு பிசையும் மெஷினுக்குள் பழைய ஃபிட்டர் கையை விட்டிருந்தார். மெஷின் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றியது. அன்று மாலை ஃபிட்டர் வீட்டுக்குப் போனபோது இரண்டு விரல்கள் அவரோடு போகவில்லை. ஆலை நிர்வாகம் மிகுந்த மனவேதனையுடன் மறுநாளே சுற்றறிக்கை விட்டது: 'பணியாளர்கள் தத்தம் விரல்களைத் தத்தம் பொறுப்பில் வைத்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.'

காலம் போனது. குமாஸ்தா பாதுகாப்பு அலுவலர் ஆனார். அவருடைய அக்காவின் கணவர் அதே ஆலைக்கு ஃபிட்டராக வந்தார். மெஷினின் தொட்டி ஓர் ஆள் உள்ளே நின்றால் தலை தெரியாத ஆழம். ஒட்டிய மாவைச் சுரண்டவும், மாவைப் பிசையும் இரும்புக் கை தளர்ந்தால் முடுக்கவும் அத்தான்தான் அதற்குள் இறங்க வேண்டும். சுவிட்சைப் போடுகிறவனுக்கோ சுவர்தான் தெரியும்.

"உனக்கு எந்தப் பதவி வேணும்னாலும் கொடுக்கட்டும்டா தம்பி. எனக்கு அந்த மனுஷன் முழுசா வீட்டுக்கு வரணும்," என்று அவருக்குச் சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போதெல்லாம் அக்கா சொல்லுவாள்.

சுவிட்சுக்குப் பூட்டு வேண்டும் என்று அலுவலர் நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டார், நினைவூட்டினார், நினைவூட்டியதை நினைவூட்டினார். கடைசியில் ஒரு பெட்டி சிவப்புப் பூட்டும் ஒரு கட்டுப் பலகையும் வந்து இறங்கின. ஏற்பாடு பச்சைப் பிள்ளைக்கும் புரியும். தொட்டிக்குள் இறங்குகிறவன் சுவிட்சை அணைத்துப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பூட்டின்மேல் பலகை: 'உள்ளே ஆள் வேலை செய்கிறார். தொடாதே.' அவன் ஏறி வந்து திறந்தால்தான் மெஷினுக்கு மறுபடி உயிர்.

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிய மேலாளர் அந்தப் பலகையை இரண்டு தடவை வாசித்தார். முகத்தில் ஞானம் பிறந்தது.

"இதுல ஒண்ணு என் ரூமுக்குக் கிடைக்குமா?"

"சார், அது மெஷினுக்கு..."

"அப்ப நான் சும்மா இருக்கேங்கறீங்களா?"

மத்தியானமே மேலாளரின் கதவில் பலகை தொங்கியது. கதவிடுக்கு வழியாகக் குறட்டை வந்தது. பலகை சொன்னபடி யாரும் தொடவில்லை. வாரம் திரும்புவதற்குள், பலகை இல்லாத அதிகாரி வேலை செய்யாத அதிகாரி என்று பேச்சாகிவிட்டது. துணை மேலாளர் இரண்டாகக் கேட்டு வாங்கினார். ஒன்று அறையில் இருக்கும்போது மாட்ட, இன்னொன்று விடுப்பில் போகும்போது மாட்ட.

பூட்டுகளுக்கும் வாழ்வு வந்தது. ஒன்று சர்க்கரை அலமாரிக்குக் காவல் போனது. கணக்கு அதிகாரியின் மனைவிக்கு அந்தச் சிவப்பு பிடித்துப்போக, ஒன்று அவர் வீட்டு பீரோவில் குடியேறியது. மேலாளர் தனக்கும் ஒரு பூட்டு வாங்கி, அதன் சாவியை இடுப்பில் தொங்கவிட்டார். மறுநாள் முதல் எல்லா அதிகாரிகளும் சலங்கை கட்டிய மாடுகள்போலக் கிணுகிணுத்துக்கொண்டு நடந்தார்கள்.

பாதுகாப்பு அலுவலர் கொதித்துத்தான் போனார். நிர்வாகம் அவரை அழைத்து, பாதுகாப்பு உணர்வை ஆலையின் கடைசி அறைவரை பரப்பியதற்காகப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. கொதி அடங்கிற்று. அந்தப் பத்திரத்தை வைத்த மேஜை இழுப்பறைக்கு ஒரு பூட்டு தேவைப்பட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும் நேரத்துக்கு ஒரு பலகையும்.

அப்படி ஒரு மத்தியானம், இரும்புக் கையில் மாவு இறுகி மெஷின் நின்றுவிட்டது. அத்தான் பூட்டுக் கேட்டு ஸ்டோருக்குப் போனார்.

"பூட்டு அதிகாரிகளுக்கே பத்தலை," என்றார் ஸ்டோர்காரர். "மூலை உடைஞ்ச பலகை ஒண்ணு கிடக்கு, எடுத்துக்குங்க. பூட்டு வேணும்னா உங்க மச்சினர்கிட்டக் கேளுங்களேன்."

அத்தான் மச்சினரின் அறைக்குப் போனார். கதவில் பலகை. நின்று படித்தார். அந்த ஆலையிலேயே அந்த எழுத்தை நம்பிய ஒரே மனிதர் அவர்தான். தட்டாமல் திரும்பினார். அதற்குள் மேலாளரிடமிருந்து, மெஷின் ஓடியாக வேண்டும் என்று இரண்டாம் தடவையாக ஆள் வந்துவிட்டது. அத்தான் சுவிட்சை அணைத்து, உடைந்த பலகையை மாட்டிவிட்டு, தொட்டிக்குள் இறங்கினார்.

டீ குடித்துவிட்டு வந்தான், தீக்குச்சி என்று எல்லோரும் கூப்பிடுகிற சுவிட்ச்காரன்.

நாற்காலியில் சாய்ந்திருந்த அலுவலரின் காதில் டொக் என்று விழுந்தது. பழைய சத்தம்தான் கனவில் வருகிறது என்று புரண்டு உட்கார்ந்தார். பிறகு வந்த சத்தம் கனவில் கேட்டதல்ல.

விசாரணைக் குழு கூடியது. தீக்குச்சி தேம்பிக்கொண்டே நின்றான்.

"பலகையைப் பார்த்தியா, இல்லையா?"

"பார்த்தேங்க. படிச்சேங்க. படிச்சதாலதாங்க போட்டேன்."

"என்னய்யா உளர்றே?"

"இந்தப் பலகை தொங்குற இடத்துல பாதி நாள் உள்ளே ஆள் இருக்கமாட்டாங்க. இருந்தாலும் வேலை செஞ்சு நான் பார்த்ததில்லீங்க."

குழுவில் யாரோ ஒருவருடைய இடுப்பில் சாவி லேசாகக் கிணுகிணுத்தது. தீர ஆலோசித்தபின் முடிவை எழுதினார்கள்: 'பலகை முறைப்படியே தொங்கியது. ஆயினும் பலகை மாட்டியபின் மெய்யாகவே உள்ளே இருந்து வேலை செய்தது, ஆலையில் நிலவும் நடைமுறைக்கு மாறானது.'

குழுவின் செயலர் என்ற முறையில் பாதுகாப்பு அலுவலர் அதன்கீழ் கையெழுத்திட்டார்.

அன்று இரவு அக்கா அவருக்கு வழக்கம்போலத் தட்டு வைத்தாள்.

"கையெழுத்துப் போட்டியாமே," என்றாள். "போடு. உனக்குத்தான் வலது கை இருக்கே."

அத்தானை நிர்வாகம் கைவிட்டுவிடவில்லை. இலகுவான வேலை கொடுத்திருக்கிறது. காலையில் அதிகாரிகளின் கதவுகளில் பலகையை மாட்டுகிறார், மாலையில் கழற்றி வைக்கிறார், இடது கையால்.