மாமா வரேலாத ஊர்

"இழு பிள்ளை! பலமா இழு!"

இழுத்தேன். சப்பாத்து வரவில்லை. அப்பாதான் வந்தார். சோபாவிலிருந்து வழுக்கி, கார்ப்பெட்டில் பொத்தென்று விழுந்து, "அம்மா!" என்றார்.

தன்னுடைய அம்மாவைக் கூப்பிட்டாரோ, என்னுடைய அம்மாவைக் கூப்பிட்டாரோ தெரியாது. வந்தது என்னுடைய அம்மா.

"அளவு சரியோ?" என்றா.

"அளவு சரி. கழட்டத்தான் ஏலாமக் கிடக்கு!"

அது ஸ்கி சப்பாத்து. அப்பாவோடு வேலை செய்கிற ஹென்றி, தான் போட்டு முடித்ததைச் சும்மா கொடுத்தது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் தடித்த பிளாஸ்டிக். ரெண்டு வாளிக்குள் காலை விட்டுச் சீமெந்து ஊற்றினால் எப்படி, அப்படி. அப்பா அதைப் போட்டது தன்னுடைய யோசனையில் இல்லை. "வாங்கி வைச்சுக்கொண்டு என்ன பாக்கிறியள், போட்டுப் பாருங்கோவன்" என்று அம்மாதான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னா. அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்த வீட்டில் யாருக்கும் ஸ்கி தெரியாது. அதை முதலே சொல்லிவிடுகிறேன். மொன்றியலில் இருக்கிறோம். பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்று காரை எடுத்தால் ஒரு மணித்தியாலத்தில் ஸ்கி மலை. இத்தனை வருஷத்தில் ஒருநாள் அப்பா அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. இப்போது கடல் தாண்டி, சுவிசில் அல்ப்ஸ் மலையில் போய்ச் செய்யப்போகிறாராம்.

காரணம் ஸ்கி இல்லை. காரணம் சிவநேசம் மாமா. அம்மாவின் தம்பி. சுவிசில் பேர்ன் நகரத்தில் இருக்கிறார்.

மாமா ஆறு வருஷத்துக்கு முதல் ஒரு மார்கழியில் எங்களிடம் வந்தார். கோயில் வாசலில், பூசை முடிந்து சனமெல்லாம் வெளியே நிற்கிற நேரத்தில், அப்பா எங்கள் வானைச் சறுக்கவிட்டு ஸ்னோக் கும்பிக்குள் கொண்டுபோய்ச் செருகினார். மாமா இறங்கி, சுற்றிப் பார்த்து, ஒரே ஒரு வசனம் சொன்னார்: "அத்தான், நீங்கள் இவ்வளவு காலமாக் கனடாவில இருக்கிறியள், ஆனா ஸ்னோவுக்கு இன்னும் உங்களைத் தெரியாது."

கோயிலே சிரித்தது. ஐயரும் சிரித்தார். அன்றைக்கு நிறுத்தின கதை. அப்பா மாமாவோடு கதைப்பதில்லை. மாமாவுக்கும் ரோசம். "அத்தான் தன்ர வாயால கூப்பிடட்டும், வாறன்" என்று இருந்துவிட்டார்.

எங்கள் ஆட்களில் இது ஒரு பெரிய கரைச்சல். அக்கா ஆயிரம் தரம் "வாடா தம்பி" என்று சொல்லலாம். அது பாசம். அழைப்பு இல்லை. வீட்டுக்காரன் வாயைத் திறந்து கூப்பிட்டால்தான் அழைப்பு. கூப்பிடாத இடத்துக்குப் போனால் மரியாதை போய்விடுமாம். போன வருஷம் மாமாவுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் நடந்தது. அம்மா அதைக்கூட ஃபோனுக்குள்ளால்தான் பார்த்தா. கட்டிலில் படுத்திருந்த மாமா, "அத்தான் ஏதும் சொன்னவரோ அக்கா?" என்று கேட்டார். அம்மா "கேட்டவர்" என்று பொய் சொன்னா. அப்பா பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு நாள் சோற்றைப் போட்டுவிட்டு, கோப்பையை அப்பாவுக்கு முன்னால் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னா.

"இந்த விண்டருக்கு நான் சுவிசுக்குப் போறன். நீங்களும் வாறியள்."

அப்பா கோப்பையைப் பார்த்தார். கணவாய்க் கறி.

"சரி" என்றார்.

ஆனால் அப்பா அப்பா அல்லவா. ஒரு கிழமை கணினிக்கு முன்னால் இருந்தார். பிறகு என்னை வானுக்குள் ஏற்றி, கண்ணாடியையும் மூடிவிட்டு, ரகசியம் சொன்னார்.

"பிள்ளை, கொம்மா என்ன கேட்டவ? சுவிஸ். சுவிசுக்குத்தான் போறம். ஆனா மலை உச்சியில ஒரு ஊர். அந்த ஊருக்குள்ள கார் விடமாட்டினம். ஒரு கார் இல்லை! உன்ர மாமாவின்ர கால் காரில பிறந்த கால். குப்பை வாளி வைக்கவும் காரில போற ஆள். கார் போகாத ஊருக்கு அவர் எப்பிடி வருவார்?"

அப்பாவும் தெருமுனை டெப்பனர் கடைக்குப் பால் வாங்க வானில் போகிற ஆள்தான். அதை நான் சொல்லவில்லை. வேறொன்று சொன்னேன்.

"அந்த ஊருக்கு ஆக்கள் எப்பிடிப் போறது?"

"ரயிலில."

"அப்ப மாமாவும் ரயிலில வரலாந்தானே?"

"பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்ட உனக்கு இதெல்லாம் விளங்காது."

சரி. விளங்கவில்லை.

அம்மா ஒன்றும் மறுக்கவில்லை. அதுதான் அப்பா பயந்திருக்கவேண்டிய இடம். "நல்ல ஊர் போல கிடக்கு, புகை இல்லை, ஹோர்ன் சத்தம் இல்லை" என்றா. இரண்டே இரண்டு விஷயம்தான் கேட்டா. குசினி இருக்கிற வீடாக இருக்கவேண்டும். ஒரு கிழமை சீஸ் தின்ன ஏலாது. மற்றது, அறை மூன்று இருக்கவேண்டும். "பிள்ளைக்கு ஒண்டு. உங்கட குறட்டைக்கு ஒண்டு. எனக்கு ஒண்டு." அப்பா சந்தோஷமாகப் பதிந்தார். பொஞ்சாதியை ஏமாற்றிய புருஷன் அந்தக் கிழமை முழுக்க விசிலடித்துக்கொண்டு திரிந்தார்.

இப்போது சப்பாத்துக்குத் திரும்பி வருகிறேன்.

அப்பா கார்ப்பெட்டில். நான் ஒரு காலைப் பிடித்தபடி. அம்மா எங்களைத் தாண்டிப் போய், கதிரையில் வசதியாக இருந்து, ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டா.

"தம்பி, சாப்பிட்டியோ? ஓமடா, பெப்ரவரியில வாறம். மலைக்கு. ஸ்கி செய்ய."

"ஆர் செய்யிறது?" மாமாவின் குரல்.

"அத்தான்."

"எந்த அத்தான்?"

"உனக்கு எத்தினை அத்தான்டா?"

அந்தப் பக்கம் ஒரு சத்தம். இருமலோ சிரிப்போ, பிரிக்க முடியவில்லை.

அப்பா எழும்பி அறைக்குப் போகப் பார்த்தார். எழும்பினார். ஓரடி வைத்தார். ஸ்கி சப்பாத்து ஆளை நடக்கவிடாது, முன்னுக்குத் தள்ளும். சுவரைப் பிடித்தார். சாமிப்படக் கலண்டர் விழுந்தது. திரும்பவும் சோபாவுக்கே வந்து விழுந்தார். வேறு வழியில்லை, கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"அக்கா, அத்தானுக்குச் சொல்லுங்கோ, அங்க சின்னப்பிள்ளையள் பழகிற சரிவு ஒண்டு இருக்காம். கயிறு பிடிச்சுக்கொண்டு போகலாம். விழுந்தாத் தூக்கிவிட ரீச்சர் நிப்பா."

அப்பாவின் காது இரண்டும் சிவந்தன.

"நீங்கள் பேசாமல் இருங்கோ," என்று அம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்னா. "உங்களுக்கு ஏலாதெண்டு எனக்கும் தெரியுந்தானே."

"ஆருக்கு ஏலாது? ஃபோனைத் தாரும்!"

"வேண்டாம்."

"தாரும் எண்டுறன்!"

அம்மா கொடுத்தா. கையை நீட்டத் தேவையே இருக்கவில்லை. ஃபோன் ஏற்கெனவே அப்பாவின் வாய்க்குக் கிட்டத்தான் இருந்தது.

"சிவநேசம்! நான் இந்த நாட்டில இருபத்தைஞ்சு வருஷமா ஸ்னோ தள்ளுறன்!"

"தள்ளுறது வேற, வழுக்கிறது வேற அத்தான். ஆனா வழுக்கிறதும் உங்களுக்கு நல்லா வரும். நான் கண்ணால கண்டனான்."

"வாரும்! வந்து பாரும்! நான் கூப்பிடுறன், மலைக்கு வந்து நிண்டு பாரும், ஆருக்கு ஏலாதெண்டு!"

அம்மா கண்ணை மூடினா.

மாமாவின் குரல் மாறிவிட்டது. "அத்தான், நீங்களோ கூப்பிடுறியள்?"

"ஓம், நான்தான்!" அப்பாவுக்குக் கோபம் இன்னும் இறங்கவில்லை.

"வாறன் அத்தான். நீங்கள் கூப்பிட்டு நான் வராமல் இருப்பனோ?"

அப்போதுதான் அப்பாவுக்கு விளங்கியது. முகத்தில் அது மேலிருந்து கீழே இறங்குவதை நான் பார்த்தேன். நெற்றி, கண், மீசை. பிறகு திடீரென்று ஒரு வெளிச்சம். கார்!

"ஆனா பாரும் மச்சான்," குரலில் தேன். "அந்த ஊருக்குள்ள கார் விடமாட்டினம். உமக்குக் கரைச்சல்."

"என்ன கரைச்சல்? அடிவாரத்தில விட்டிட்டு ரயிலில ஏறுறது. கார் வாசலில நிண்டாத்தான் அத்தான் எனக்கு இருப்புக் கொள்ளாது. எங்க போனாலும் ரெண்டு மணித்தியாலத்தில கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிடுவன். அக்கா ஏசுவா. இதெண்டால் கார் கண்ணில படாது. கிழமை முழுக்க நிக்கலாம். ஆறு வருஷக் கதை கிடக்கு!"

அப்பா வாயைத் திறந்தார்.

"படுக்க... இடம்..."

"மூண்டாவது அறை இருக்கெல்லோ?" என்றா அம்மா.

"அது என்ர குறட்டைக்கு!"

"குறட்டை எனக்குப் பழகிட்டுது."

ஃபோனை வாங்கி, தம்பியோடு இன்னும் கொஞ்ச நேரம் கதைத்து, மூக்கை உறிஞ்சி, வைத்தா. பிறகு குனிந்து, சப்பாத்தின் கிளிப்புகளைத் தட்டிவிட்டு, முன்நாக்கை வெளியே இழுத்து, "குதியைத் தூக்குங்கோ" என்றா. கால் தயிர்ச் சட்டிக்குள்ளிருந்து கரண்டி வருவதுபோல வந்தது.

"உமக்கு இது தெரியுமோ?" என்று அப்பா கத்தினார்.

"காலமை வீடியோ பாத்தனான்."

"அப்ப ஏன் முதலே கழட்டேல்லை?"

அம்மா கணினியைக் கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்தா. பதிந்த வீட்டின் படம். அதற்குக் கீழே சிவப்புப் பட்டன்.

"இஞ்சாருங்கோ. இண்டைக்கு முழுக்க ரத்துச் செய்யலாமாம், காசும் திரும்புமாம். விருப்பமில்லையெண்டால் அமத்துங்கோ. நான் ஒரு சொல்லுச் சொல்லமாட்டன். தம்பிக்கு மட்டும் நீங்களே ஃபோன் எடுத்து, பயந்திட்டன், வரேல்லை எண்டு சொல்லிவிடுங்கோ."

சொல்லிவிட்டு, தேத்தண்ணி போடப் போய்விட்டா.

அப்பா விரலை நீட்டினார். மடக்கினார். நீட்டினார். எனக்குப் பொறுமை இல்லை.

"அம்மா சொல்லிப்போட்டா. அமத்துங்கோவன் அப்பா."

"ஒப்பரேஷன் செய்த மனுஷன்," என்று அப்பா திரையைப் பார்த்து முணுமுணுத்தார். "மேல் அறை வேண்டாம். படி ஏறக்கூடாது. கீழ் அறையில படுக்கட்டும்."

அமத்தவில்லை.